மறு: கோஸ்ட் நெட்: தமிழில் என்ன சொல்வது?

> கண்காட்சிப் பலகைக்குக் ‘கைவிடப்பட்ட வலை’ என்று எழுதிவிட்டேன். ‘பேய்’ என்பதெல்லாம் ஆங்கிலக்காரன் அலங்காரம்தானே?

டீச்சர், ஆளை விட்டுப் பிரிந்து கடலில் கிடந்தபடியே மீன் பிடிக்கும் வலையைத்தான் ஆங்கிலத்தில் கோஸ்ட் நெட், அதாவது பேய் வலை, என்கிறார்கள். பலகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் ஒரு நாள் பொறுங்கள்.

‘கைவிடப்பட்ட’ என்றால் யாரோ வேண்டுமென்றே விட்டதாக ஆகிவிடும். பினாங்குத் தீவின் தெலுக் பஹாங்கில் சின்னப் படகு வைத்திருப்பவர் காசு போட்டு வாங்கிய வலையை அப்படி விட்டுவிட்டு வருவாரா? புயலில் போகும், பாறையில் மாட்டும், இழுவைப் படகு குறுக்கே வந்து அறுத்துக்கொண்டு போகும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பே கைவிட்டது, தொலைந்தது, வீசியது என்று மூன்றையும் பிரித்துத்தான் சொல்கிறது. கப்பல்களிலிருந்து பிளாஸ்டிக் வலையைக் கடலில் வீசுவதை, கப்பல்களால் கடல் மாசுபடாமல் தடுக்கும் மார்போல் என்ற உலக ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 முதல் தடை செய்கிறது. உரிய கவனத்தோடு இருந்தும் தொலைந்துபோனால் அதில் விலக்கு உண்டு. சட்டமே மன்னிக்கிறவரை நம் சொல் ஏன் குற்றவாளி ஆக்க வேண்டும்?

‘பேய்’ அலங்காரமும் இல்லை. ஆள் போன பிறகும் அந்த வலை மீன் பிடிக்கிறது. நைலான் லேசில் மக்காது. சிக்கிய மீன் சாகும், அதைத் தின்ன வரும் நண்டும் மாட்டும், நண்டைத் தேடி இன்னொன்று வரும். ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சுவிட வழியில்லாமல் கடலுக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். இங்கே பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் முட்டையிட வரும் பச்சை ஆமைக்கும் அதே கதிதான்.

> பேய்மழை, பேய்க்காற்று மாதிரி ‘பேய்வலை’ என்றால் ராட்சச வலை என்றல்லவா படிப்பார்கள்?

அண்ணன் கேட்டது நியாயம். இரண்டு நாள் என்னை உறுத்திய கேள்வி இது. ஆனால் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்றும் சொல்கிறோமே. சுரைதான், பீர்க்குதான், ஆனால் கசக்கும், மனிதன் வாய்க்கு உதவாது. பேய்வலையும் அந்த வரிசையில் உட்காரும்: வலைதான், பிடிக்கவும் செய்கிறது, யாருடைய சட்டிக்கும் மீன் வராது. மலாயிலும் ‘புக்காட் ஹந்து’ என்கிறார்கள்; புக்காட் என்றால் வலை, ஹந்து என்றால் பேய். நம் பிள்ளைகளுக்கு ஹந்து தெரியாதா என்ன!

‘ஆளில்லா வலை’ வேண்டவே வேண்டாம். ஆளில்லா விமானம் வந்தபிறகு அந்தச் சொல் ரிமோட்டோடுதான் வருகிறது.

ஆள் இல்லாமலே மீன் பிடிக்கும் பேய்வலையின் அந்த வேலைக்கும் தனிச்சொல் வேண்டும். நேற்று ‘பேய்ப்பிடி’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துவிட்டு, பூசாரியைக் கூப்பிடவா என்றார்கள். ‘வீண்பிடி’ என்றால் ஒத்துக்கொள்வீர்களா? மீனும் வீண், வலையும் வீண்.

கடலடியில் தொலையும் பூபு என்ற மீன்பிடிக் கூண்டுக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘பேய்க்கூண்டு’ என்றால் பறவைக்கூண்டு நினைவு வருகிறது. பலகைக்கு இப்போது வலை போதும்: பசிபிக் கடலில் மிதக்கும் பெரிய பிளாஸ்டிக் குப்பைத் திட்டின் எடையில் 46 விழுக்காடு மீன்வலை என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வு கணித்திருக்கிறது. கூண்டுக்கு யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
பாயான் லெப்பாஸிலிருந்து