பனியில் தூங்கும் குழந்தை, கன்னத்தில் மைப்பொட்டு: இதில் எது அநாகரிகம்?

கேள்வி (ஆர்ஹூஸ்வாசி)

அனைவருக்கும் வணக்கம். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நான்கு ஆண்டுகளாக வசிக்கிறோம். மகளுக்குப் பதினோரு மாதம் நிறைந்ததும் இந்த ஜனவரியில் காப்பகத்தில் சேர்த்தோம். துணைக்கு என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். முதல் வாரமே அவரை நண்பகல் வேளையில் அங்கே அழைத்துச் சென்றது என் பிழை. கட்டடத்தின் பின்புறம், மூன்று பக்கம் மட்டும் அடைத்த ஒரு கூரையின் கீழ், பெரிய சக்கரங்கள் வைத்த ஏழெட்டுத் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அன்று குளிர் மைனஸ் இரண்டு டிகிரி. கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து சிவந்த மூக்கு மட்டும் வெளியே தெரிய எங்கள் மகளும் அவற்றில் ஒன்றில் கிடந்ததைப் பார்த்த அம்மா, "பச்சப்புள்ளய பனியில போட்டுட்டு உள்ள உக்காந்து காப்பி குடிக்காங்களா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே அழத் தொடங்கிவிட்டார்.

இதற்கு இரண்டு வாரம் முன்பு, வீடு தேடி வந்து குழந்தையைப் பார்க்கும் அரசுச் செவிலியர் எங்கள் வீட்டில் இருந்தார். கன்னத்து மைப்பொட்டைப் பார்த்து, அது காயமா என்று கேட்டார். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை என் மனைவி கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தாள்; அதைக் காட்டியபோது அவர் முகம் ஒருமாதிரி ஆயிற்று. போகும்போது, "எவ்வளவு கொழுகொழுவென்று அழகாக இருக்கிறாள்!" என்று மனதாரப் பாராட்டினார். அவர் படியிறங்கியதும் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட, அந்த நெடியில் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறி மாடி முழுவதும் எழுந்துவிட்டது.

இரண்டு தரப்பும் குழந்தையின் நலத்தைத்தான் நினைக்கின்றன. ஆனாலும் ஒருவர் செய்வது மற்றவருக்கு அருவருப்பாகவோ அறிவீனமாகவோ படுகிறது. இதில் எதைக் காதில் வாங்கிக்கொள்வது, எதைச் சிரித்துக் கடப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (ஹேர்னிங் அம்மம்மா)

தம்பி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அதில் பாதிக் காலம் குழந்தைகள் காப்பகத்தில்தான் வேலை செய்தேன். உங்கள் அம்மா அழுததைப் போலவே, என் முதல் பிள்ளையை வெளியில் படுக்க வைத்த நாளில் நானும் அழுதிருக்கிறேன். பிறகு ஆயிரக்கணக்கான தடவை அதே வேலையை என் கையாலேயே செய்தேன்.

அதில் இருக்கிற ஒழுங்கு தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அடியில் கம்பளி, மேலே இறகு வைத்த போர்வை, பிள்ளை எழுந்து விழாமல் இருக்க வார்ப்பட்டி, பக்கத்தில் அழுகையைக் கேட்கும் கருவி, இடைக்கிடை போய்ப் பார்க்க ஒரு ஆள். கையும் மூக்கும் குளிர்ந்திருப்பதைக் கணக்கில் எடுக்க மாட்டோம். பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்போம். அங்கே இளஞ்சூடு இருந்தால் பிள்ளை சுகமாகத் தூங்குகிறது, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த கணக்கு. மைனஸ் பத்துக்குக் கீழே போனால் வெளியே படுக்க வைப்பதில்லை. காய்ச்சல் உள்ள பிள்ளையையும் விடுவதில்லை. உங்கள் அம்மாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பிடரியில் கை வைக்கச் சொல்லுங்கள். பேசிப் புரிய வைப்பதைவிட அது சுலபம்.

பாராட்டு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. ஒரு டெனிஷ்காரி வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால் அது மரியாதைக் குறைவு. எங்கள் ஊரில் வாய் நிறையப் புகழ்ந்துவிட்டுப் போனால்தான் நாவூறு (கண் திருஷ்டி போல) என்று பயம். பிள்ளை பிறந்த 31ஆம் நாள் துடக்குக் (பிரசவத் தீட்டு) கழிவுக்கு முன்னரே வீட்டுக்கு வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்து, "என்ன வடிவு!" என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியை என் மாமியார் கடைசிவரை மன்னிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னதில் குற்றம் ஒன்றுமில்லை, சொன்ன இடந்தான் பிழை.

பதில் 2 (பழைய செய்தி)

இது நம் ஊருக்கும் டென்மார்க்குக்கும் இடையே மட்டும் நடக்கும் சண்டையல்ல. 1997 மே மாதம் நியூயார்க்கில் ஒரு டெனிஷ் தாய், குழந்தையின் தந்தையோடு ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தார். பதினான்கு மாதக் குழந்தையைச் சன்னல் ஓரமாக, தம் பார்வையில் படும்படி, வெளியே தள்ளுவண்டியில் விட்டிருந்தார். கோபன்ஹேகனில் எவரும் திரும்பிப் பார்க்காத காட்சி அது. நியூயார்க்கிலோ காவலர்கள் பெற்றோர் இருவரையும் கைது செய்தார்கள்; குழந்தை நான்கு நாள் வேறொருவர் பராமரிப்பில் இருந்தது. வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அமெரிக்கர்களுக்கு அவர் பொறுப்பற்ற தாய், டெனிஷ்காரர்களுக்கு அமெரிக்கா பித்துப்பிடித்த நாடு என்று இரு பக்கச் செய்தித்தாள்களும் எழுதித் தீர்த்தன.

வேடிக்கை என்னவென்றால், அதே நியூயார்க்கில் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், பின்னாளில் அமெரிக்க அதிபரின் மனைவியாகப் போகும் எலினார் ரூஸ்வெல்ட், 1906இல் பிறந்த தம் மகளைக் கம்பிவலையடித்த ஒரு பெட்டியில் படுக்க வைத்து, அதைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்க வைத்தார். குழந்தைக்குத் திறந்தவெளிக் காற்று மருந்து என்பது அன்றைய மருத்துவர்களின் நம்பிக்கை. காசநோய் அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. குழந்தை அழுவதைக் கேட்ட அண்டைவீட்டார், குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கு எழுதிப்போடுவோம் என்று மிரட்டியதை அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். 1923இல் இத்தகைய சன்னல் கூண்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமைகூட வழங்கப்பட்டது. ஆக, ஒரே நகரத்துக்குள்ளேயே நவீனம் என்று ஒரு தலைமுறை கொண்டாடியது அடுத்தடுத்த தலைமுறைக்குக் குற்றமாகியிருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் சிரித்துக் கடந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நார்வேயின் ஸ்டாவாங்கரில் 2011இல் ஓர் இந்தியத் தம்பதியின் இரு குழந்தைகளை அந்நாட்டுக் குழந்தைநலத் துறை எடுத்துக்கொண்டதை நினைவில் வையுங்கள். கையால் ஊட்டியதையும் உடன் படுக்க வைத்ததையும் குறையாகச் சொன்னார்கள் என்பது பெற்றோர் தரப்பு; பிரிப்புக்குக் காரணம் அதுவல்ல என்பது அதிகாரிகள் தரப்பு. 2012இல் குழந்தைகள் தந்தையின் சகோதரரிடம் ஒப்படைக்கப்பட்டு இந்தியா வந்தார்கள். உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காததால் காப்பகம் மூடப்படாது. செவிலியருக்குப் பிடிக்காதது குறிப்பேட்டில் ஏறும். எனவே அவர் முகம் மாறும்போதே, இது இன்னது, இதற்காகச் செய்கிறோம் என்று நீங்களே முந்திக்கொண்டு விளக்கிவிடுவது நல்லது.

பதில் 3 (திருச்சி செவிலி)

நான் குழந்தைகள் பிரிவில் பணியாற்றுபவள் என்பதால் சற்றுக் கறாராகச் சொல்கிறேன். நாம் எல்லோரும் செய்யும் ஒரு தவறு, நமக்குப் பிடிக்காததை 'ஆபத்து' என்றும், பழகிப்போனதை 'இயற்கை' என்றும் பெயரிட்டுக்கொள்வது. கன்னத்தில் வைக்கும் பொட்டு பார்வைக்கு ஒவ்வாததாக இருக்கலாம், ஆனால் பொதுவாகத் தீங்கில்லை. கண்ணுக்குள் தீட்டும் மை அப்படியல்ல. தொற்று வரும், கடையில் விற்கும் சில மைகளில் ஈயமும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் தொட்டு நாக்கில் வைப்பதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவதும் கூடவே கூடாது. கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவதில், தலையையும் மூக்கையும் பிடித்து உருவாமல் இருந்தால், எனக்கு மறுப்பில்லை. சாம்பிராணிப் புகையைத் தலைமுடியில் காட்டுகிறேன் என்று நெஞ்சில் ஏற்றாதீர்கள்.

மேலைநாட்டார் சொல்வதெல்லாம் அறிவியல் என்றும் நினைக்க வேண்டாம். குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கும்படி அங்கே பல பத்தாண்டுகள் மருத்துவர்களே சொல்லி வந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதை மாற்றி, மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று இயக்கமே நடத்திய பிறகு, தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. நம் பாட்டிகள் முன்பே மல்லாக்கத்தான் போட்டுவந்தார்கள். காரணம் தெரிந்து செய்ததில்லை என்பது வேறு விஷயம்.

எனக்குச் சகிக்காத ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மலம் கழித்த குழந்தையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் ஈரத்தாளால் துடைத்து மூடிவிடுவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசும். அதே தாய், நாம் இடுப்பில் வைத்துக்கொண்டு குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைப்பதைப் பார்த்தால் முகம் சுளிப்பாள்.

மீண்டும் ஆர்ஹூஸ்வாசி

மூவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை அம்மாவை மறுபடியும் அழைத்துச் சென்றேன். காப்பகப் பெண்மணி தானாகவே வண்டியின் மூடியை விலக்கிக் காட்ட, அம்மா உள்ளங்கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, பேத்தியின் பிடரியில் வைத்துப் பார்த்தார். "கதகதன்னுதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். கண்மையை நிறுத்திவிட்டோம். பொட்டு கன்னத்திலிருந்து உள்ளங்காலுக்கு இடம் மாறிவிட்டது. காலுறைக்குள் இருப்பதால் செவிலியர் கண்ணில் படாது என்பது அம்மாவின் யோசனை. ஈரத்தாள் விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வருவதாக இல்லை. மாலையில் குழந்தை வீட்டு வாசலைத் தாண்டியதும் முதல் வேலையாக வெந்நீர்ச் சொம்போடு குளியலறைக்குள் போய்விடுகிறார்.