ராத்திரி பார்சல் பழக்கத்தை விட வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். எனக்கு வண்ணார்பேட்டையில் வேலை, வீடு பாளையங்கோட்டையில். வேலை முடிய ராத்திரி ஒன்பது ஆகிவிடும். போகிற வழியில் சிக்கன் ரைஸ் பார்சல் வாங்குவது மூன்று வருடப் பழக்கம். போன வாரம் பிரஷர் பார்த்தால் 150/100. எனக்கு வயது 38தான்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் வண்டியை அங்கே நிறுத்தியது நான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூன்கூட வராது. அன்றைக்கு அடுப்புப் பக்கம் நின்று பார்த்தேன். உப்பை அள்ளிப் போட்டு, அதற்கு மேல் சோயா சாஸ். அந்தச் சாஸிலேயே உப்பு ஏராளம். வீட்டில் பார்சலைப் பிரித்தால் தாள் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. தாளில் ஒட்டியிருந்ததை என் பதினோரு வயது மகன் விரலால் வழித்துச் சாப்பிட்டான். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அவனுக்கு இதைப் பழக்கியதும் நான்தானே.

வீட்டுக்காரியும் வேலைக்குப் போகிறாள், அவள் தலையில் இதையும் கட்ட மனமில்லை. ஒன்பதரைக்கு வந்து நானே பத்து நிமிடத்தில் செய்யக்கூடியது என்ன? உளுந்தங்கஞ்சி வைப்பேன், ஆனால் பையன் தொட மாட்டேன் என்கிறான். அப்புறம், ஏழு மணிப் பசிக்குக் கையில் என்ன கொண்டுபோகலாம்? இந்தப் பழக்கத்தை விட்டவர்கள், முதல் பத்து நாள் அந்த வாசனையை எப்படித் தாண்டிப் போனீர்கள் என்றும் எழுதுங்கள்.