மறு: லைவ் சென்டர் – சுழல் மையமா, சுழல்குடுமியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கடைசல் இயந்திரமான லேத்தில் லைவ் சென்டர் என்கிற பாகத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். இதுவரை வந்தவை உயிர் மையம், சுழல் மையம், உருள்முனை. நான் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: சுழல்குடுமி. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேத் பக்கம் போகாதவர்களுக்காக முதலில் பொருள். மரக் கடைசலில் கட்டையை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். மோட்டார் இருக்கும் ஹெட் ஸ்டாக் பக்கம், நான்கு பல் வைத்த முள் கட்டைக்குள் இறங்கி அதைச் சுற்றும். எதிரே டெயில் ஸ்டாக்கில் இருந்து கட்டைக்கு முட்டுக்கொடுப்பது பேரிங்கில் கட்டையோடு சேர்ந்து சுற்றினால் லைவ் சென்டர், சுற்றாமல் நின்றால் டெட் சென்டர்.

உயிர் மையம் வேண்டாம் என்று இங்கே பலரும் சொல்லிவிட்டார்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆங்கிலத்திலேயே அந்த 'லைவ்' இடம் மாறி உட்கார்ந்த சொல். ஹெட் ஸ்டாக்கில், மோட்டார் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலோடு சுற்றிய சென்டருக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பேரிங் வைத்த சென்டர்கள் டெயில் ஸ்டாக்குக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. இங்கிலாந்தில் ரிவால்விங் சென்டர் என்றும் சொல்கிறார்கள். அவர்களுடைய குழப்பத்தை நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்?

சுழல் மையம் பரவாயில்லை, பொருள் சரிதான். ஆனால் வேலை சொல்லிக்கொடுக்கும்போது இடறுகிறது. 'கட்டையின் மையத்தைக் குறித்து, அந்த மையத்தில் சுழல் மையத்தின் மையம் பதியும்படி நகர்த்து.' இந்த வாக்கியத்தை ஒரு பையனிடம் சொல்லிப் பாருங்கள். மையம் என்பது கட்டையில் பென்சிலால் குறிக்கிற புள்ளி. அதே பெயரைக் கையில் எடுக்கிற ஓர் இரும்புச் சாமானுக்கும் வைத்தால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

உருள்முனையில் எனக்கு இரண்டு தடை. உருள்வது வேறு, சுழல்வது வேறு. உருண்டால் இடம் பெயர வேண்டும், இது நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. அப்புறம், எல்லாவற்றுக்கும் முனை கிடையாது. ஒருவகைக்கு நடுவில் சின்ன ஊசியும் சுற்றி ஒரு வளையமும் இருக்கும். இன்னொன்று தட்டை. இன்னொன்றில் உள்ளே குடைந்த கூம்பு, கட்டையின் நுனி அதற்குள் போய் உட்காரும். முனையே இல்லாத சாமானை முனை என்று எப்படி அழைப்பது?

இனி குடுமி. பழைய வீட்டுக் கதவுகளில் கீல் கிடையாது. கதவுப் பலகையின் ஓரத்திலேயே மேலும் கீழும் முளை மாதிரி விட்டிருப்பார்கள். கீழ் முளை கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்து கதவோடு சுற்றும். அதற்குப் பெயர் குடுமி, அகராதியிலும் இருக்கிறது. எங்கள் பாட்டி வீட்டு முன்கதவு அந்த மாதிரிதான். விடியற்காலையில் திறந்தால் தெருவுக்கே கேட்கும். மாதத்துக்கு ஒருமுறை பாட்டி குனிந்து, சங்கில் விளக்கெண்ணெய் எடுத்து அந்தக் குழியில் விடுவார். இரண்டு முறை ஆட்டிப் பார்த்தால் சத்தம் அடங்கிவிடும்.

லைவ் சென்டர் செய்வதும் இதே வேலை. எடையையும் அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு, சுற்றுகிற பொருளோடு தானும் சுற்றுகிறது. கல்குழி இருந்த இடத்தில் பேரிங், அவ்வளவுதான் வித்தியாசம். ஆயிரம் வாசலில் சுற்றிய சொல் நம்மிடம் இருக்கும்போது புதிதாக எதைத் தேடுகிறோம்?

குடுமி என்றால் தலைமுடிதானே நினைவுக்கு வரும், பிள்ளைகள் சிரிப்பார்களே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். சிரிக்கட்டும். இரண்டாம் நாள் அது பட்டறைச் சொல் ஆகிவிடும். தயிர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே வினைச்சொல்தான், யாரும் குழம்புவதில்லை. பழைய கைக்கடைசலில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். மத்தில் கயிறு சுற்றி இழுப்பதும் அதுவும் அச்சாக ஒன்றுதான். நம் மொழி இந்தத் தொழிலை எப்போதும் வீட்டுக்குள்ளிருந்தே பெயரிட்டிருக்கிறது.

புணர்ச்சி பற்றி: சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் குடுமி என்று விரிவதால் இது வினைத்தொகை. கொல்களிறு கொற்களிறு ஆகாதது போல இதுவும் சுழற்குடுமி ஆகாது. சுழல்குடுமி என்றே எழுதலாம்.

டெட் சென்டருக்கு நிலைக்குடுமி என்றுதான் முதலில் எழுதிவைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். தச்சரிடம் நிலை என்றால் வாசல் சட்டம், அவர் வேறு எதையோ எடுத்து வருவார். அசையாக்குடுமி என்று வைக்கலாம். இங்கே குடுமி நிற்க, குழியான மரம் சுற்றுகிறது. கதவுக்கு நேர்மாறு என்பது உண்மைதான். ஆனால் இணைச்சொல்லாகக் கற்பிக்க இது வசதி.

ஒரு சொல் தாங்குமா என்று பார்க்க, அதை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்ப்பது என் வழக்கம். எழுதினேன்:

'சுழல்குடுமி வாங்கும்முன் உன் லேத்தின் டெயில் ஸ்டாக்கில் என்ன டேப்பர், அதாவது குடுமி செருகும் கூம்புத் துளை என்ன அளவு என்று பார். எம்டி1 (மோர்ஸ் டேப்பர் 1) என்றால் அகன்ற பக்க விட்டம் சுமார் 12 மி.மீ., எம்டி2 என்றால் சுமார் 17.8 மி.மீ. ஒன்று இன்னொன்றில் உட்காராது. கடையிலேயே குடுமியை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார். துளி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம், அந்த ஆட்டம் கட்டையில் தெரியும். நீளக் கட்டைக்கு வளையக்குடுமி. கிண்ணம், குடுவை போன்ற குடைந்த வாய்க்கு, அதற்குள் புகும் கூம்புக்குடுமி. மாட்டும்முன் டேப்பரையும் துளையையும் துணியால் துடை. ஒரு மரத்தூள் சிக்கினாலும் குடுமி கோணும். சுத்தியலால் குடுமியைக் கட்டைக்குள் அடிக்காதே, பேரிங் போய்விடும். கைச்சக்கரத்தைத் திருப்பிக் கட்டையில் பதித்து, கட்டையைக் கையால் சுற்று. குடுமியும் கூடவே சுற்றினால் போதும், பூட்டிவிடு. பேனா கடையும்போது இன்னும் மெதுவாக. அதிகம் இறுக்கினால், பேனாக் கட்டையைக் கோத்திருக்கும் மெல்லிய கம்பியான மாண்ட்ரல் வளைந்து, பேனாவின் வட்டம் கெடும்.'

எங்கும் சொல் தடுக்கவில்லை. வளையக்குடுமி, கூம்புக்குடுமி, தட்டைக்குடுமி என்று குடும்பமும் தானாக அமைந்துவிட்டது. மோர்ஸ் டேப்பரை நான் தொடவில்லை. அந்த மோர்ஸ் 1860களில் அதை வகுத்த அமெரிக்கரின் பெயர், அது அப்படியே இருக்கட்டும்.

வகைகளுக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கடைசல் பழகிய புதிதில், சென்டர் என்று கேட்டு வாங்கிய ஒன்றை லேத்தில் மாட்டினேன். அது இரும்பு வேலைக்கான 60 பாகைக் கூம்பு. பூவரசங்கட்டையில் அம்மாவுக்கு ஒரு மத்துக் காம்பு கடைந்துகொண்டிருந்தேன். காம்பு லேசாக அதிர, நான் கைச்சக்கரத்தை இன்னும் அரைச்சுற்று இறுக்கினேன். கூம்பு ஆப்பு மாதிரி நார்வழியே இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். நுனியில் இருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், காம்பு பாதி வெளியே சாய்ந்து நிற்கிறது. உளியை எடுத்துவிட்டேன், முகத்துக்குக் கவசம் போட்டிருந்தேன், தப்பித்தேன். வளையம் இருந்திருந்தால் அழுத்தம் சுற்றிலும் பரவியிருக்கும், ஊசியும் அந்த ஆழத்துக்குப் போயிருக்காது. கூம்புக்குடுமி, வளையக்குடுமி என்று இரண்டு பெயர் அன்று என்னிடம் இருந்திருந்தால் கடையில் சரியானதைக் கேட்டிருப்பேன்.

அதற்கு அடுத்த வாரம் டெட் சென்டரிலும் முயன்றேன். மெழுகு தடவியும் கால்மணி நேரத்தில் பாட்டி வீட்டுக் கதவு போலவே கிறீச்சிட்டது. கட்டையை எடுத்துப் பார்த்தால் நுனிக்குழி கறுத்துப் புகை நாற்றம் அடித்தது. குடுமி என்ற சொல் எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஹெட் ஸ்டாக் பக்கத்து நான்கு பல் முள்ளையும் குடுமி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அது கட்டையைத் தள்ளிச் சுற்றவைக்கிறது. குடுமியின் வேலை அதுவல்ல. உந்துபல் என்று ஒன்று யோசித்திருக்கிறேன். பட்டறையில் இருப்பவர்கள் இதை என்னவென்று அழைக்கிறீர்கள்? ஐடிஐயில் பாடம் எடுக்கும் ஐயா இந்த இழையில் இருக்கிறார். அவர் மாணவர்களிடம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.