ரயில் நிற்கும்போதே சிக்னல் பச்சையாகிறது – அவசர உதவி வேண்டும்

பீச்லைன்_பாபு | வியாழன், இரவு 10.40

வணக்கம். வீட்டில் எச்ஓ அளவு பொம்மை ரயில் லேஅவுட், ஓவல் பாதை, ஆறு பிளாக் (மின்சாரம் தனித்தனியாகப் பிரித்த தண்டவாளப் பகுதிகள்). நம் கடற்கரை–தாம்பரம் லைன் மாதிரி தானியங்கி சிக்னல் வைக்க ஆசைப்பட்டு மூன்று வாரமாக வயரிங் செய்தேன். ரயில் பிளாக்குக்குள் நுழைந்ததும் சிவப்பு வருகிறது. அதற்குப் பின்னால் மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை, எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆனால் ரயிலை நிறுத்தினால் இரண்டே நொடியில் பச்சை! ரயில் அங்கேயேதான் நிற்கிறது. வயரிங்கை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். ஞாயிறு மகன் பிறந்தநாள், அக்கா வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். என்ன செய்வது?

கேப்டன்_கூட்ஸ் | இரவு 10.52

பாபு, டிசியா (த்ராட்டில் மாற்றும் நேர் மின்சாரம்), டிசிசியா (டிஜிட்டல் கட்டளை)? ரயில் இருப்பதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்: மின்னோட்டமா, ஐஆர் (அகச்சிவப்பு) சென்சாரா, காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்சா? பிளாக்குகளைப் பிரிக்கத் தண்டவாளத்தில் ஒரு பக்கம் மட்டும் கேப் (இடைவெளி) வெட்டியிருக்கிறீர்களா, இரண்டு பக்கமுமா? இதெல்லாம் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது.

நானோ_நாகு | இரவு 11.05

நூறு சதவீதம் புரோகிராம் கோடுதான் அண்ணா. அர்டுயினோ (சிக்னலை இயக்கும் குட்டிக் கணினி போர்டு) உள்ளீட்டுப் பின்னை எதோடும் இணைக்காமல் சும்மா மிதக்க விட்டிருப்பீர்கள். பின்னை ஒரே நிலையில் பிடித்து வைக்க உள்ளேயிருக்கும் புல்அப் ரெசிஸ்டரை ஆன் செய்யுங்கள். அப்புறம் பிளாக் காலி என்று தெரிந்த பிறகும் ஐந்து நொடி கழித்தே பச்சை காட்டும்படி எழுதுங்கள். எனக்கு இதே தொந்தரவு இருந்தது, சரியாகிவிட்டது.

ஊத்துக்குளி_லோகோ | வெள்ளி, காலை 6.15

தண்டவாளம் அழுக்காக இருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து இரண்டு தண்டவாளத்தையும் துடையுங்கள். எஞ்சின் சக்கரத்தையும் விடாதீர்கள். என் லேஅவுட்டில் பத்துக்கு எட்டுக் கோளாறு துடைத்ததும் போய்விடும்.

கேப்டன்_கூட்ஸ் | காலை 7.20

அழுக்கு என்றால் ஓடும்போதே சிக்னல் சிவப்பும் பச்சையுமாகத் துள்ளும். இவருக்கு நின்றால் மட்டும்தான் மாறுகிறது. அதை யோசியுங்கள்.

பழைய_லீவர் | காலை 8.02

இங்கே எல்லாரும் விளக்கு எரிய வைப்பதைத்தான் சிக்னல் என்று நினைக்கிறீர்கள். பாபு, வயரைத் தொடுவதற்கு முன்னால் தடச்சுற்று என்றால் என்ன என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் காப்புரிமை வாங்கிய யோசனை அது. தண்டவாளத்தின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ரயில் வந்தால் அச்சு இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே இணைத்துவிடும், ரிலே விழும், சிவப்பு. பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு, தண்டவாளம் உடைந்தாலும் சிவப்பு. எது கெட்டாலும் பாதுகாப்பான பக்கம்தான் விழும்.

உங்களுடையது நேர்த் தலைகீழ். எஞ்சின் மின்சாரம் இழுத்தால்தான் உங்கள் சர்க்யூட்டுக்கு ரயில் இருப்பதே தெரிகிறது. த்ராட்டிலை (வேகக் குமிழை) பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் எஞ்சின் எதையும் இழுக்காது. அப்புறம் பச்சை வராமல் என்ன வரும்? எத்தனை முறை இதே விஷயத்தை எழுதுவது என்று தெரியவில்லை.

பீச்லைன்_பாபு | காலை 9.30

ஆபீஸில் இருக்கிறேன். டிசிதான், 12 வோல்ட். பிளாக்குக்கு ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அதோடு ஆப்டோகப்ளர் (மின்னோட்டம் ஓடுவதை ஒளி வழியாகச் சொல்லும் சில்லு), இதுதான் டிடெக்டர்; அங்கிருந்து அர்டுயினோ நானோ. கேப் ஒரு பக்கம் மட்டும். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்: எஞ்சின் அடுத்த பிளாக்குக்குப் போனதும், பெட்டிகள் இன்னும் பழைய பிளாக்கில் இருக்கும்போதே அங்கே பச்சை வந்துவிடுகிறது.

கேப்டன்_கூட்ஸ் | காலை 9.48

நன்றி, இது போதும். பழைய_லீவர் சொன்ன காரணம்தான். இரண்டு வேலை இருக்கிறது.

முதலாவது, த்ராட்டில் பூஜ்யத்தில் இருந்தாலும் தண்டவாளத்தில் கொஞ்சம் மின்சாரம் ஓட வேண்டும். தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் எடுத்து, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, கன்ட்ரோலர் வெளியே வரும் இடத்தில் கொடுங்கள். டிடெக்டருக்கு முன்னால் கொடுக்க வேண்டும், பின்னால் கொடுத்தால் பயனில்லை. நிற்கும் எஞ்சின் வழியாகப் பத்து மில்லி ஆம்பியர் அளவில் ஓடும். மோட்டார் அசையாது, ஆப்டோ விழித்திருக்கும். சில கன்ட்ரோலர்கள் பூஜ்யத்தில் இரண்டு வயரையும் உள்ளேயே ஷார்ட் செய்துவிடும். அந்த வகை என்றால் இந்த வழி எடுபடாது. த்ராட்டில் பூஜ்யத்தில் இருக்கும்போது, தண்டவாளத்தில் எஞ்சின் எதுவும் இல்லாமல், அந்த இரண்டு வயருக்கும் இடையே மல்டிமீட்டரில் 12 வோல்ட் பக்கம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பெட்டிகளின் சக்கரம் பிளாஸ்டிக்கா? அது மின்சாரம் இழுக்காது. உலோகச் சக்கரம் போட்டாலும் ஒரு பக்கம் இன்சுலேட் ஆகித்தான் வரும். அந்த இன்சுலேஷன் மேல் ஒரு குட்டி 10 கிலோ ஓம் எஸ்எம்டி ரெசிஸ்டரை ஒட்டி, இரண்டு முனையிலும் கடத்தும் பெயின்ட் தொட்டுவிடுங்கள். பெட்டிக்கு ஒரு அச்சு, கடைசிப் பெட்டிக்கு இரண்டு. பிளாக்கை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அதுதான்.

நானோ_நாகு | காலை 10.10

இவ்வளவு எதற்கு? பிளாக்கின் இரண்டு முனையிலும் ஐஆர் வைத்து, உள்ளே எத்தனை அச்சு போனது, எத்தனை வெளியே வந்தது என்று கோடில் எண்ணினால் போதுமே. ரயில்வேயிலும் ஆக்ஸில் கவுன்டர் இருக்கிறது. நான் இன்னும் புல்அப்தான் என்கிறேன்.

பழைய_லீவர் | காலை 10.31

ஆக்ஸில் கவுன்டர் சரிதான். ஆனால் ஒரு அச்சைத் தவறவிட்டால் ரீசெட் செய்ய ஆள் வேண்டும். வெயில் நேராக விழும் அறையில் சாதாரண ஐஆர் குழம்பும்.

பாபு, ஒரு விஷயம். சிக்னல் கம்பத்தில் வெள்ளை வட்டத்தில் கறுப்பு 'ஏ' பலகை வைத்தீர்களா? அது இல்லாமல் தானியங்கி சிக்னல் என்று சொல்லக் கூடாது.

ஊத்துக்குளி_லோகோ | காலை 10.50

பொம்மை ரயிலுக்குப் பலகை எதற்கு சார்? சிவப்பு என்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய_லீவர் | காலை 11.04

அவ்வளவுதான் இல்லை. 'ஏ' பலகை உள்ள சிக்னலில் சிவப்பு என்றால், டிரைவர் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்றுவிட்டு, அடுத்து எதுவும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே மிக மெதுவாகப் போகலாம். பலகை இல்லாத ஸ்டேஷன் சிக்னலில் அப்படிப் போகவே முடியாது. அந்தப் பலகைதான் டிரைவருக்குச் சொல்லும் சேதி.

ஊத்துக்குளி_லோகோ | காலை 11.20

சிவப்பைத் தாண்டுவதா? முப்பது வருடமாக எலக்ட்ரிக் ட்ரெயினில் போய் வருகிறேன். சிவப்பில் வண்டி நிற்கும், பச்சை விழுந்ததும்தான் கிளம்பும்.

மாம்பலம்_மணி | காலை 11.45

இருவரும் சொல்வது நடக்கிறது. பெரும்பாலும் முன்வண்டி நகர்ந்து, அந்த ஒரு நிமிடம் முடிவதற்குள் மஞ்சளாகிவிடும், அதனால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். 'ஏ' என்ற எழுத்தில் விளக்கு எரியும் சிக்னலும் உண்டு. எரிந்தால் தானியங்கி, எரியாவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் கையில் இருக்கும் சிக்னல். அதை லேஅவுட்டில் வைத்தால் அழகாக இருக்கும். இதை வேறு இழையில் பேசலாம், பாபுவுக்கு ஞாயிறு நெருங்குகிறது.

கேப்டன்_கூட்ஸ் | சனி, மாலை 6.00

பாபு, என்ன ஆயிற்று? மீட்டரில் பார்த்தீர்களா?

பீச்லைன்_பாபு | ஞாயிறு, இரவு 11.55

மீட்டரில் 11.8 காட்டியது. ரெசிஸ்டர் போட்டேன், ரயில் நின்றாலும் சிவப்பு அப்படியே நிற்கிறது! கடைசிப் பெட்டிக்கு மட்டும் அச்சு மாற்ற முடிந்தது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது 4-வது பிளாக் மட்டும் ரயில் இல்லாமலே சிவப்பு. எல்லாருக்கும் நன்றி, லீவர் சாருக்கும்.

கேப்டன்_கூட்ஸ் | திங்கள், காலை 7.10

மகிழ்ச்சி. 4-ல் சிவப்பு வந்தபோது ரயில் 3-லோ 5-லோ இருந்ததா? அப்படியென்றால் வெப்பத்தில் தண்டவாளம் நீண்டு கேப் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் சின்னப் பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டுங்கள். லேஅவுட்டில் எங்குமே ரயில் இல்லாதபோதும் சிவப்பு என்றால், அங்கே புதிதாகப் பேலஸ்ட் (தண்டவாளத்து ஜல்லி) ஒட்டினீர்களா? பசை ஈரம் காயும்வரை அதன் வழியே மின்சாரம் கசியும்.

கேப்டன்_கூட்ஸ் | வியாழன், இரவு 9.15

பாபு?