டிசைன் வேலைக்கு மாதாமாதம் மார்க் போட முடியுமா?

கேள்வி:
கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன், ஆறு பேர். போன வருஷம் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு வந்தது; வேலையைப் பல கட்டமாகப் பிரித்து மார்க் போடும் ஷீட். முக்கால்வாசி மார்க், மாதம் எத்தனை டிராயிங் ரிலீஸ் ஆனது என்பதற்குத்தான்.

எங்கள் பையன் ஒருவன் சோலார் பம்புக்கு இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) செய்துகொண்டிருந்தான். வெயில் மங்கினால் மோட்டார் வேகம் குறையும். வேகம் பாதியானால் ஹெட், அதாவது தண்ணீரை ஏற்றும் உயரம், கால்வாசிக்கு இறங்கிவிடும்; போர்வெல்லில் தண்ணீர் மேலே வராது. இதற்காக 7 மாதம், 11 இம்பெல்லர். பத்து தேறவில்லை. ஒவ்வொன்றையும் டெஸ்ட் பெட்டில் ஓட்டி, எங்கே இடறியது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அப்ரைசலில் அவனுக்கு 'சி'. பழைய மோனோபிளாக் பம்பில் ஃபிளேன்ஜ் (குழாயை இணைக்கும் வளையம்) அளவை மாற்றி மாற்றி 40 டிராயிங் விட்டவருக்கு 'ஏ'. பையன் வேறு இடம் தேடுகிறான். எனக்கு மனசே ஆறவில்லை. நிர்வாகத்திடம் எப்படிப் பேசுவது?

பதில் 1:
த்ரீஎம் (3M) என்ற அமெரிக்கக் கம்பெனியின் கதையைச் சொல்லுங்கள் சார். ஒட்டியதை உரித்து எடுக்கக்கூடிய பசையை அங்கே வேலை பார்த்த ஸ்பென்சர் சில்வர் 1968-ல் கண்டார். அதற்கு ஒரு உபயோகம் அதே கம்பெனி ஆர்ட் ஃப்ரைக்குத் தோன்றியது 1974-ல். அந்தப் பசை தடவிய போஸ்ட்-இட் குறிப்புத்தாள் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980-ல். 12 வருஷம்! நடுவில் எந்த மாதம் சில்வருக்கு மார்க் விழுந்திருக்கும்? அதே கம்பெனியில் பிற்பாடு தலைவராக வந்த மெக்னெர்னி, பிழைகளை எண்ணிக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையை ஆராய்ச்சிக்கூடம் வரை கொண்டுபோனார். அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் அதைத் தளர்த்தினார்.

பதில் 2:
நான் ஃபவுண்டரியில குவாலிட்டி பார்க்கிறேனுங்க. அளவே வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, காது கொடுக்க மாட்டாங்க. காஸ்டிங் ரிஜெக்‌ஷனை நாங்க எண்ணி எண்ணித்தான் குறைச்சோம். ஆனா எங்களுக்கு நல்ல காஸ்டிங் எப்படி இருக்கணும்னு முன்னாடியே தெரியும். உங்க பையனுக்கு அதைக் கண்டுபிடிக்கிறதே வேலை. இன்னொண்ணு, காப்லானும் நார்ட்டனும் 1992-ல ஸ்கோர்கார்டை எழுதினப்பவே புதுமைக்கும் கற்றலுக்கும்னு தனியா ஒரு கட்டம் வெச்சிருந்தாங்க. உங்க ஷீட்டுல அது என்னாச்சுன்னு கேளுங்க.

கேட்டவர்:
இப்போதுதான் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் 'பயிற்சி வகுப்பு மணிநேரம்' என்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை. திங்கட்கிழமை பையனின் நோட்டோடு எம்.டி.யிடம் போகிறேன். நான்காவது இம்பெல்லர் பக்கத்தைத்தான் முதலில் காட்டப் போகிறேன். மங்கிய வெயிலில் தண்ணீர் ஏறியது, உச்சி வெயிலில் மோட்டார் ஓவர்லோடு ஆனது. பதினொன்றாவதற்கு வழி கிடைத்ததே அந்தப் பக்கத்தில்தான்.