ஜூகோ தன் பெயரைச் சொன்ன பின்னும் ஊர் ஏன் அவனை ஏற்கவில்லை?

பெரம்பூர் வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலைகளில் ஓர் அனிமேஷன் படத்தையோ தொடரின் ஓர் எபிசோடையோ திரையிட்டு, முடிந்ததும் அதன் கதையமைப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். சென்ற ஞாயிறன்று 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் இரண்டாம் பருவத்திலிருந்து, 2006இல் ஒளிபரப்பான 'ஜூகோ அலோன்' எபிசோடைப் போட்டோம். அடையாளத்தை மறைத்துத் திரியும் ஒருவன் கடைசியில் தான் இன்னார் என்று துணிந்து சொல்லும் கதை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். பிள்ளைகளில் பலர், கதை தங்களை ஏமாற்றிவிட்டது என்றார்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெருப்பு நாட்டின் இளவரசனான ஜூகோ, பெற்ற தந்தையாலேயே முகம் சுடப்பட்டு நாடு கடத்தப்பட்டவன். பசியோடு தனியாக அலைந்து, தன் நாடு நூறாண்டுகளாகப் போர் தொடுத்திருக்கும் நில அரசின் ஒரு சிற்றூருக்கு வந்து சேர்கிறான். லீ என்ற சிறுவனின் குடும்பம் அவனுக்கு உணவும் தங்க இடமும் தருகிறது. பெயரைக்கூட வற்புறுத்திக் கேட்பதில்லை. ஊரைக் காக்க வேண்டிய படைவீரர்களோ அங்கே அடாவடி செய்து பிழைக்கிறார்கள். அவர்கள் லீயைப் பிடித்துக் கட்டிவைக்கும்போது மீட்கச் செல்லும் ஜூகோ, வாளால் போரிட்டுத் தோற்றுக் கீழே விழுந்தபின், அதுவரை அடக்கி வைத்திருந்த நெருப்பாற்றலை வெளிப்படுத்தி வெல்கிறான். யார் நீ என்று கேட்கப்பட்டதும் தன் பெயரையும் பெற்றோரையும் பட்டத்தையும் சொல்கிறான். ஊரார் நன்றி சொல்லவில்லை. லீயின் தாய் அவனைக் கிட்டே நெருங்க விடவில்லை. அவனை உயிராக நினைத்த லீ, உன்னை வெறுக்கிறேன் என்கிறான். ஜூகோ போய்விடுகிறான்.

இவ்வகைக் கதைகளுக்கு ஒரு தேய்ந்த பாதை உண்டு. நாயகன் தன்னை மறைப்பான், மறைத்ததைக் காட்டினால்தான் பிறரைக் காக்க முடியும் என்ற நெருக்கடி வரும், காட்டுவான், ஊர் ஒரு கணம் திகைக்கும், பிறகு ஒரு குழந்தை முதலில் ஓடிவந்து கட்டிக்கொள்ள, மற்றவர்களும் ஏற்றுக்கொள்வார்கள். இந்த எபிசோடு கடைசிக் கட்டம் வரை அந்தப் பாதையிலேயே நடந்து, கட்டிக்கொள்ள வேண்டிய குழந்தையின் வாயாலேயே வெறுப்பைச் சொல்ல வைக்கிறது. வாய்பாட்டை உடைத்தது மட்டும் ஒரு கதையை நல்ல கதையாக்கிவிடுமா? ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அவன் சொல்லாமலே போயிருந்தால் லீ அவனை வெறுத்திருக்க மாட்டானே, சொன்னதால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கதைத்தச்சன் (வடபழனி):

அனிமேஷன் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில், முதலில் அந்தத் தேய்ந்த பாதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது கதாசிரியர்களின் சோம்பலால் மட்டும் உண்டானதில்லை. சிறுவர் தொடர்களில் பெரும்பாலானவை, எந்த எபிசோடை எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் பார்ப்பவருக்குக் குழப்பம் வராதபடி எழுதப்பட்டவை. ஆகவே தொடக்கத்தில் குலைந்த உலகம் இருபத்துச் சொச்சம் நிமிடங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியாக வேண்டும். நாயகனின் இரகசியத்தைத் திறந்த பிறகு ஊரையும் சமாதானப்படுத்தாமல் விட்டால், அடுத்த எபிசோடில் அதே ஊரில் அதே பாத்திரங்களோடு வேறு கதை சொல்ல முடியாது. குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்வது, கணக்கை விரைந்து நேர் செய்வதற்காகக் கண்டுபிடித்த வழி.

'அவதார்' அப்படிப்பட்ட தொடர் அல்ல. 2005 முதல் 2008 வரை மூன்று பருவங்களில் 61 எபிசோடுகளாக ஒரே நீண்ட கதையைச் சொன்னது. அதனால் ஒரு கடனைத் தீர்க்காமல் அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க அதற்கு வசதி இருந்தது. இந்த எபிசோடில் தொடரின் நாயகனான ஆங் தலைகாட்டுவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். முழு நேரத்தையும் எதிர்த்தரப்பில் நிற்கும் ஒருவனுக்குக் கொடுக்கும் துணிச்சலும் அந்த நீளத்திலிருந்து வந்ததுதான்.

இனி உங்கள் கேள்வி. ஊர் ஏற்காததை விட, ஜூகோ சொல்லும் வாக்கியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தான் உர்ஸாவுக்கும் நெருப்புக் கோமான் ஓஸாய்க்கும் மகன், நெருப்பு நாட்டின் இளவரசன், அரியணைக்கு உரியவன் என்கிறான். பெயர் மெய்யானது. ஆனால் அதனோடு சேர்த்துச் சொன்னவற்றில், தாயின் பெயரை முதலில் வைத்ததைத் தவிர, மற்றவை எல்லாம் தந்தை கொடுத்தும் பறித்தும் விளையாடிய பொருள்கள். தன்னைச் சுட்டவனின் அரியணையைக் கொண்டே அவன் இன்னும் தன்னை அளந்துகொள்கிறான். கூட்டத்திலிருந்து ஒரு முதியவர், நீ இளவரசன் அல்லன், தந்தையே எரித்துத் துரத்தியவன் என்று உடனே திருப்பியடிக்கிறார். அந்தச் சொல்லும் பொய்யில்லை. ஆகவே இது தன்னை ஏற்றுக்கொண்டவனின் கதை என்பதை விட, ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டவனின் கதை என்பதே பொருத்தம். அதே பருவத்தின் இறுதியில், தன்னை மகனாகவே பாவித்த பெரியப்பா ஐரோவுக்கு அவன் இழைக்கும் துரோகம் வானத்திலிருந்து குதித்தது அல்ல. இந்த வாக்கியத்திலேயே அதன் விதை கிடக்கிறது.

இரட்டை வாள் காட்சியைப் பிள்ளைகளுக்குத் திரும்பக் காட்டுங்கள். இரவில் வாள்களை எடுத்துப் போய் விளையாடும் லீயிடம், இவை ஒரே ஆயுதத்தின் இரு பாதிகள், தனித்தனி என்று நினையாதே என்று ஜூகோ கற்றுக்கொடுக்கிறான். தன்னைப் பற்றித் தெரியாத ஒன்றை வாளைப் பற்றி அவனால் எளிதாகச் சொல்ல முடிகிறது. குறியீட்டை இவ்வளவு வெளிப்படையாக வைத்துவிட்டு, அதைப் பாத்திரமே உணரவில்லை என்று காட்டுவது எழுதுகிறவனுக்குக் கடினமான வேலை.

திருவல்லிக்கேணி தமிழாசிரியை:

கதைத்தச்சன் அவர்கள் எடுத்துக்காட்டிய வாக்கியத்தைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் மறைந்து வாழ்தல் என்ற உத்தியைப் பற்றிப் பேசும்போது, மறைந்தவனுக்கு என்ன ஆயிற்று என்பதோடு நின்றுவிடுகிறோம். மறைந்தவன் பக்கத்தில் நின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். இவ்விடத்தில் எனக்கு நினைவுக்கு வருவது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை.

தன்னை விரும்பித் தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, மணிமேகலா தெய்வம் தந்த மந்திரத்தால் மணிமேகலை காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்த வடிவத்தில் அவள் செய்வதெல்லாம் நற்செயல். அமுதசுரபியால் சிறைப்பட்டோரின் பசி தீர்க்கிறாள், சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கும்படி அரசனிடம் கேட்டுப் பெறுகிறாள். ஆனால் தன் மனைவி காயசண்டிகையைத் தேடிவரும் காஞ்சனன், அவள் வடிவிலிருந்த மணிமேகலை தன்னைப் பொருட்படுத்தாமல் உதயகுமரனிடம் பேசுவதைக் கண்டு தவறாகப் புரிந்துகொண்டு அவனை வாளால் வெட்டிவிடுகிறான். இரவல் வடிவத்தை எடுத்தது ஒருத்தி, உயிரை விட்டது மற்றொருவன். மணிமேகலை அவ்வடிவத்தைக் களைந்து தன்னுருவில் நின்றபோது அவளை யாரும் வாழ்த்தி வரவேற்கவும் இல்லை. அரசன் அவளைச் சிறைப்படுத்துகிறான், மகனை இழந்த அரசி வஞ்சம் தீர்க்க முயல்கிறாள். உண்மையைக் காட்டியவுடன் உலகம் இளகும் என்ற நம்பிக்கை நம் காப்பியத்தில் எங்கும் இல்லை.

ஜூகோவின் கதையிலும் இதே விளைவு இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். லீ ஏன் பிடிபட்டான்? ஐரோ தனக்குப் பரிசளித்த குறுவாளை ஜூகோ அவனுக்குக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டதாலும், சண்டையிடாமல் பணியாதே என்று அதில் பொறித்திருந்ததை நம்பி அந்தப் பிள்ளை படைவீரர்களை நோக்கி அதை நீட்டியதாலும்தான். தன் பெயரை மறைத்த விருந்தினன், தன் வாழ்க்கையின் விதியை மட்டும் ஒரு குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறான். கடைசியில் மண்டியிட்டு அதே குறுவாளை மீண்டும் நீட்டும்போது லீ வாங்க மறுப்பதை, நன்றிகெட்டதனம் என்று பிள்ளைகள் நினைத்தால் அது நியாயமான வாசிப்பு அல்ல. லீயின் அண்ணனும் அந்தப் போருக்குப் போனவன். அவன் இருந்த படைப்பிரிவு பிடிபட்டது என்ற செய்தி வந்த பின்பு, எதிரி நாட்டு இளவரசன் தன் வீட்டில் உண்டான் என்று அறியும் பிள்ளை வேறு எப்படிப் பேசுவான்?

கர்ணனையும் ஒரு வரியில் நினைத்துக்கொள்ளலாம். குந்தி வந்து நீ என் மகன் என்று சொன்ன பிறகும் அவன் தரப்பு மாறுவதில்லை. பிறப்பின் உண்மை ஓரிடத்தில் இருக்கிறது, உண்ட சோற்றின் உண்மை வேறிடத்தில் இருக்கிறது. அவன் இரண்டாவதைத் தெரிந்தெடுக்கிறான். கூத்து மேடையில் கர்ண மோட்சத்தை விடிய விடியப் பார்த்திருந்து அழுகிறவர்களுக்கு, இவன் தன்னை ஏற்றுக்கொண்டானா என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடையாறு ரசிகை:

இருவர் எழுதியதையும் மரியாதையோடு படித்தேன். எனினும், விலை கொடுத்தால்தான் மெய்யான ஏற்பு என்பதும் பெரியவர்களுக்குப் பிடித்த மற்றொரு வாய்பாடுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் எதையோ சொல்ல முடியாமல் தவிக்கும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை உங்கள் திரையிடலில் அமர்ந்திருந்தால், சொன்னவன் துரத்தப்பட்டான் என்பதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகும். நல்ல கலை என்று நாம் தலையாட்டுவது அந்தப் பிள்ளைக்கு எவ்வகையிலும் உதவாது.

ஆகவே இதனோடு சேர்த்து, 'ஸ்டீவன் யுனிவர்ஸ்' தொடரில் 2019 ஜனவரியில் வெளிவந்த 'சேஞ்ச் யுவர் மைண்ட்' எபிசோடையும் காட்டப் பரிந்துரைக்கிறேன். பாதி மனிதனும் பாதி மாணிக்கமுமான (மாணிக்கங்கள் என்பது அத்தொடரில் ரத்தினக் கல்லிலிருந்து உருவெடுக்கும் வேற்றுக்கிரக இனம்) ஸ்டீவனை, அவன் வேறு யாருமில்லை, உருமாறி ஒளிந்திருக்கும் அவன் தாய்தான் என்று அந்த இனத்தை ஆளும் வைர அரசிகளில் மூத்தவள் அடித்துச் சொல்கிறாள். சொன்னதோடு நில்லாமல் அவன் வயிற்றிலிருந்த மாணிக்கத்தைப் பிடுங்கிவிடுகிறாள். மாணிக்கத்திலிருந்து தாய் எழுந்து வருவாள் என்று அவள் எதிர்பார்க்க, எழுந்து வருவது இன்னொரு ஸ்டீவன். இளஞ்சிவப்பு ஒளியில் உணர்ச்சியற்ற முகத்தோடு நிற்கும் அந்த உருவமும், தோழி கானி கைகளில் தாங்கிவரும் தளர்ந்த மனித ஸ்டீவனும் ஒருவரையொருவர் தழுவிச் சிரித்துச் சுழன்று ஒன்றாகிறார்கள்.

ஜூகோ மறைப்பவன்; ஸ்டீவன் மீதோ வேறொருவரின் அடையாளம் சுமத்தப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே உத்தியாக எண்ணுவதால்தான் ஊர் ஏற்றதா இல்லையா என்ற கேள்வியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறோம். இரண்டாவது கதையில் எதிரில் நிற்பவள் நம்புகிறாளா என்பது பொருட்டே இல்லை. பிரிந்த இரு பாதிகளும் சந்தித்துக்கொண்டால் போதும். இதை வசனத்தால் சொன்னால் வாழ்த்தட்டை வாசகம்போல ஒலிக்கும். ஒரே ஆளை இருவராக வரைந்து ஓடிவிளையாட விடுவது அனிமேஷனுக்குக் கைவந்த சுதந்திரம். கண்ணாடி முன்னால் நாயகி தன் பிம்பத்தைத் தொடும் காட்சியைத்தான் எத்தனை தொடர்களில் பார்த்துவிட்டோம்!

பெரம்பூர் வாசகர்:

மூவருக்கும் நன்றி. அடையாறு ரசிகை அவர்களின் கவலை நியாயமானது, 'ஸ்டீவன் யுனிவர்ஸ்' எபிசோடையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஆனால் அந்த மாணவியின் கேள்வி அப்படியே நிற்கிறது. சொல்லாமல் போயிருக்கலாமே என்பதற்கு நேரான பதில் வேண்டும்; விருப்பப்பட்டால் அறிவுரை இல்லாத பதில்.

கதைத்தச்சன் (வடபழனி):

நேரான பதில் காட்சிகளின் வரிசையிலேயே இருக்கிறது. அவன் பெயரைச் சொல்வதற்கு முன்பே நெருப்பு வெளிப்பட்டுவிட்டது. நில அரசின் ஊரில் கையிலிருந்து நெருப்பு எழுப்பியவன் எந்த நாட்டவன் என்று யாரும் அவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே சொல்லாமல் போகும் வாய்ப்பு அவனுக்கு அந்த நேரத்தில் இல்லை. லீயைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டுமென்று முடிவு செய்த நொடியிலேயே அது போய்விட்டது. எஞ்சியிருந்தது ஒன்றுதான். படையிலிருந்து ஓடிவந்த ஏதோ ஒரு நெருப்பு நாட்டு வீரன் என்று அவர்கள் எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம், அல்லது முழுப் பெயரையும் சொல்லலாம். முதலாவதன்படி விட்டிருந்தால் வெறுப்பு சற்றுக் குறைந்திருக்கலாம். கீழே விழுந்து கிடக்கையில் அவனுக்குள் ஓடும் நினைவு, விடைபெற வந்த தாய், நீ யாரென்பதை ஒருபோதும் மறவாதே என்று சொன்னது. அதைக் கேட்டு எழுந்தவனால் பாதிப் பெயரைச் சொல்ல முடியவில்லை.

நடைமுறைக்கு ஓர் யோசனை: யார் நீ என்ற கேள்வி எழும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, அடுத்த வசனத்தைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அந்த மாணவி எதை எழுதுகிறாள் என்று இங்கே தெரிவித்தால் மகிழ்வேன்.

திருவல்லிக்கேணி தமிழாசிரியை:

அதோடு ஒன்று. இதற்கடுத்து நேராக மூன்றாம் பருவத்துக்குத் தாவி, ஜூகோ தந்தையின் முன்னால் நின்று எதிர்த்துப் பேசும் எபிசோடைப் போட்டுவிட வேண்டாம். இரண்டாம் பருவத்தின் இறுதியில் அவன் ஐரோவைக் கைவிடுவதை இடையில் காட்டியாக வேண்டும். அதைத் தவிர்த்தால், ஊர் துரத்தியதும் அவன் திருந்திவிட்டான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அவனோ துரத்தப்பட்ட கோபத்தோடு தந்தையின் பக்கமே திரும்பிப் போனவன்.