நடுத்தெரு வீடு குழு: கம்ப்யூட்டரில் தண்ணீர்

காலை 6:12

முருகேசன்: எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி மாடித் தொட்டி நிரம்பி வழிந்து கூடத்து மூலையில் ஒழுகிவிட்டது. நேராகக் கம்ப்யூட்டர் மேல். பெட்டியைத் தூக்கினால் தண்ணீர் சொட்டுகிறது. அம்மா பாடிய பாட்டெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சுமதி: ஐயையோ

சுமதி: வேறு எங்கேயும் இல்லையா அண்ணே?

செல்வி: மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கியது நான் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முருகேசன்: நான்தான். செய்தி பார்த்துக்கொண்டே கண் அசந்துவிட்டேன்.

சுந்தரம்: அண்ணே, ஆன் செய்து பார்த்தீர்களா?

முருகேசன்: இல்லை. வெயில் ஏறியதும் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

சுந்தரம்: போடவே வேண்டாம். தண்ணீர் பட்டதால் மட்டும் உள்ளே இருக்கும் மதர்போர்டு போகாது. ஈரத்தோடு கரண்ட் சேர்ந்தால்தான் போகும். சுத்தமான தண்ணீரில் கரண்ட் அவ்வளவாகப் பாயாது, அதில் கரைந்திருக்கும் உப்புதான் பாய வைக்கிறது. நம் வீட்டில் போர் தண்ணீர். அதுவும் மெட்ராஸ் ஒட்டுக் கூரை வழியாகச் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. முதலில் மெயினை அணையுங்கள், கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கத்துத் தகட்டில் இரண்டு திருகு இருக்கும். திறந்தால் போர்டில் எட்டணா அளவுக்கு ஒரு பட்டன் பேட்டரி தெரியும், 3 வோல்ட். அதைக் கழற்றி எடுத்துவிடுங்கள். பிளக் இல்லாவிட்டாலும் அது போர்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், நனைந்த இடத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். கரண்ட் வயர் வந்து சேரும் பெட்டி, அதாவது எஸ்.எம்.பி.எஸ்., அதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்குக் கரண்ட் தேங்கி நிற்கும்.

சுமதி: அரிசிக்குள் வைக்கலாமா? என் போன் அப்படித்தான் பிழைத்தது

செல்வி: அந்தப் பெட்டிக்கு மூன்று மூட்டை வேண்டுமே

திவ்யா: அரிசி வேண்டாம் அத்தை. ஃபேன் காற்று இழுக்கும் அளவுக்கு அது ஈரத்தை இழுக்காது. அரிசி மாவுதான் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

கார்த்தி: இப்போதுதான் பார்த்தேன். அப்பா, ஷாக் ஒன்றும் அடிக்கவில்லையே?

முருகேசன்: இல்லைப்பா.

சுமதி: கார்த்தி, பொங்கலுக்கே எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கி வருகிறேன் என்றாய்

கார்த்தி: ஆமாம் அத்தை. என் தப்புதான்.

சுமதி: நானும் இரண்டு தடவை பென் டிரைவ் கொடுத்து அனுப்பினேன். அண்ணிக்குத் தெரியும்

செல்வி: தெரியும். சும்மா திருப்பி அனுப்பவில்லையே, உன் அண்ணன் வளைகாப்புப் படமெல்லாம் ஏற்றித்தானே அனுப்பினார்.

சுமதி: படத்தை யார் கேட்டது அண்ணி

சுமதி: நான் கேட்டது அம்மா குரல்

காலை 6:58

சுந்தரம்: அதெல்லாம் அப்புறம். அண்ணே, பேட்டரியைக் கழற்றினீர்களா? இனி போர்டு. தண்ணீர் பட்டதைத் தண்ணீரிலேயே கழுவுவதா என்று நினைக்க வேண்டாம். நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்து, சேறு படிந்த கார்டுகளை அப்படிக் கழுவித்தான் மறுபடி ஓட வைத்தோம். கார் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், அதில் உப்பு இருக்காது. மெல்லிய பிரஷால் கழுவிவிட்டு, அதற்கு மேல் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்ற வேண்டும். அது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு ஆவியாகும். ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அது உதவாது. பிறகு மூன்று நாள் ஃபேனுக்கு அடியில். செல்வி அண்ணி, முடி காய வைக்கிற டிரையரை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் தண்ணீரைச் சிப்புக்கு அடியில் தள்ளிவிடும்.

செல்வி: சரி

முருகேசன்: ஹார்ட் டிஸ்கையும் இப்படிக் கழுவலாமா?

சுந்தரம்: அதைத் துடைத்து நிழலில் காய வைத்தால்

திவ்யா: அப்பா வேண்டாம்!! ஹார்ட் டிஸ்கைக் கழுவவும் கூடாது, காய வைக்கவும் கூடாது. அது பழைய டிஸ்க், காற்று போய்வர மேலே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் போயிருக்கலாம். உள்ளே சுற்றுகிற தட்டுக்கும் படிக்கிற ஹெட்டுக்கும் நடுவில் சில நானோமீட்டர்தான் இடைவெளி. தண்ணீர் உலர்ந்தால் உப்பு தட்டிலேயே படிந்துவிடும், அப்புறம் சுற்ற விட்டால் கீறிவிடும். ஈரம் போகாமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம் அப்படியே கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் கடையில் கொடுக்க வேண்டாம் பெரியப்பா, உடனே மாட்டி ஆன் செய்து பார்ப்பார்கள்.

சுந்தரம்: இது எனக்குத் தெரியாது. அண்ணே, பாப்பா சொல்கிறபடி செய்யுங்கள்.

சுமதி: பாட்டு கிடைத்துவிடுமா திவ்யா? 23ஆம் தேதி தலைத்திவசத்தில் போடலாம் என்றுதானே இருந்தோம்

திவ்யா: அதற்குள் கிடைக்குமா என்று சொல்ல முடியாது அத்தை. ஆனால் நம்பிக்கை இருக்கிறது. 2003இல் கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலம் வானத்திலேயே உடைந்து சிதறியது இல்லையா? அதில் இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் பல மாதம் கழித்துக் காய்ந்துபோன ஏரியில் கிடைத்தது. வெந்து கருகிய டிஸ்க். அதிலிருந்தே 99 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். நம்முடையது நனைந்ததுதான், ஆன் கூடச் செய்யவில்லை.

சுமதி: மாரியம்மா

முருகேசன்: 23ஆம் தேதிக்குச் சமையல்காரர் எத்தனை பேர் என்று கேட்டார். 60 சொல்லட்டுமா?

சுந்தரம்: வலங்கைமான் ஆட்களையும் சேர்த்தா?

செல்வி: அவர்களைக் கூப்பிடுவது என்று எப்போது முடிவானது?

சுமதி: அம்மாவின் தம்பி வீடு அண்ணி. கூப்பிடாமல் இருக்க முடியுமா

கார்த்தி: மேஸ்திரியையும் வரச் சொல்லுங்கள் அப்பா. 23க்குள் கூரையைப் பார்க்க வேண்டும்.

முருகேசன்: 60 என்றே சொல்கிறேன்.

செல்வி: 75

காலை 8:20

முருகேசன்: அடுத்த வீட்டுப் பையன் டிஸ்கைக் கழற்றித் தந்தான். இரண்டு பை போட்டுக் கட்டிவிட்டேன். சென்னைக்கு யார் கொண்டு போவது?

கார்த்தி: வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்கு லீவு கிடைக்காது.

சுந்தரம்: என் முட்டியோடு படி ஏற முடியாது. கூரியரில் அனுப்பலாமா?

சுமதி: கூரியர் வேண்டாம். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். இன்று ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் இடம் இருந்தால் நானே மடியில் வைத்துக்கொண்டு போய்விடுவேன்

திவ்யா: வாங்க அத்தை, எழும்பூருக்கு நான் வருகிறேன். திறந்து பார்த்துவிட்டுத்தான் செலவு எவ்வளவு என்பார்கள்.

கார்த்தி: செலவு என்னுடையது.

முருகேசன்: அதைப் பிறகு பேசலாம்.

செல்வி: சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி வா சுமதி.

சுமதி: சரி அண்ணி

சுமதி: குரல் பதிவு, 0:41

சுமதி: நடவுப்பாட்டு. முதல் அடிக்கு மேல் எனக்கு வரவில்லை. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

முருகேசன்: எனக்கும் அவ்வளவுதான்.

செல்வி: குரல் பதிவு, 2:16

சுமதி: அண்ணி

சுமதி: முழுசும் தெரியுமா உங்களுக்கு

செல்வி: கடைசி நான்கு வருடம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதானே.

கார்த்தி: அம்மா, இதை எல்லாரும் போனில் சேமித்துக்கொள்கிறோம்.

சுந்தரம்: அண்ணே, அந்தப் பட்டன் பேட்டரியைக் கழற்றினீர்களா இல்லையா?